கடற்கரையில் டின் மீன்

கொழும்புக் குடும்பம் ஒன்று கடற்கரைக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே அடுப்பு மூட்டிவிடுவார்கள். சோறு, பருப்பு, வெங்காயம் போட்டு வதக்கிய நெத்தலி, அவித்த முட்டை, கட்டா சம்பல். பிள்ளைகளுக்கென்று கட்லட்டும் ரோல்ஸும். அந்தக் கட்லட்டுக்குள் உருளைக்கிழங்கோடு பிசைந்து வைத்திருப்பது டின் மீன். நெத்தலி பல வேளைகளில் தாய்லாந்திலிருந்து வந்தது. சம்பலில் இடித்துப் போட்ட மாசி மாலைதீவுச் சரக்கு. சுற்றிவர 1,300 கிலோமீட்டருக்கு மேல் கரை கொண்ட ஒரு தீவில், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, அந்தக் கடலில் பிடிக்காத மீனைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

இது ஏன் இப்படி என்று கேட்டால் "கடைச் சாப்பாடு விலை கூட" என்று ஒரு பதில் உடனே வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. காற்று, பாடசாலை விடுமுறை, ரயில் பாதை, விரதம், ஐஸ், மண்ணெண்ணெய் எல்லாம் இதில் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. நான் பார்த்தவரையில், நம் குடும்பங்கள் கடலுக்குப் போவதும் கடலுணவு உண்பதும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு வழக்கங்கள். இரண்டும் சந்திக்கிற இடம் வீட்டுச் சமையலறை. உல்லாசப் பயணத் துறையோ, கடற்கரை என்றால் மேசை போட்டு மீன் பரிமாறும் இடம் என்று எண்ணிக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கரைகளைக் கட்டி வருகிறது. உள்ளூர்க் குடும்பம் அந்த மேசையில் உட்காரவே இல்லை.

கொழும்பின் கொம்பனித்தெருவிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இங்கிருந்து காலிமுகத்திடல் நடை தூரம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணிக்கொள்ளுங்கள் என்று பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லும் நாட்டிவிட்டுப் போனார். அவர் மனதில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் யார் என்பது வேறு கதை. குதிரை வண்டியில் காற்று வாங்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ஜாவா லேனிலிருந்தும் மலே வீதியிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தத் திடல் சொந்தமாயிற்று. பெருநாள் மாலையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. பட்டம், குமிழி ஊதும் விளையாட்டுச் சாமான், அன்னாசி அச்சாறு, சுருளில் கச்சான், அப்புறம் இறால் வடை.

இறால் வடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஏழையும் பணக்காரரும் கடற்கரையிலேயே வைத்துத் தின்னும் ஒரே கடலுணவு அதுதான். கரகரப்பாக அரைத்த பருப்பைத் தட்டையாகத் தட்டி, ஓடு உரிக்காத சின்ன இறாலைத் தலையோடு மேலே அழுத்தி, எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். நறுக்கிய வெங்காயமும் மிளகாய்ச் சோஸும் மேலே. இதன் கெட்டிக்காரத்தனம் கணக்கில் இருக்கிறது. பருப்பு வயிற்றை நிரப்புகிறது. ஒன்றோ இரண்டோ இறால் கடலின் பெயரைத் தாங்குகிறது. பெரிய இறால் ஏற்றுமதிக்கும் ஹோட்டலுக்கும் போன பிறகு மிஞ்சுகிற சின்னதுக்கு இதைவிட நல்ல வேலை யாரும் கண்டுபிடித்ததில்லை. தள்ளுவண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து அடுக்கி வைத்த வடையைத் திரும்ப எண்ணெயில் போட்டுத் தருவதும் நடக்கிறது என்பதால், கண்முன்னே மாவு தட்டும் வண்டியைத் தேடிப் போவதே புத்தி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அடிக்கடி வந்து போகிறார்கள். வடை நின்றபாடில்லை.

கொம்பனித்தெருவில் இன்னொரு கடல் நினைவும் உண்டு. இங்குள்ள மலாய்க் குடும்பங்களின் முன்னோர், பெயர் சொல்வதுபோல் மலாயாவிலிருந்து வந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் ஜாவாவிலிருந்தும் அதை அண்டிய தீவுகளிலிருந்தும் டச்சுக்காரரால் கொண்டுவரப்பட்ட போர்வீரரும் நாடுகடத்தப்பட்டோரும். வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது. ஆங்கிலேயரின் சிலோன் ரைபிள்ஸ் படை 1873இல் கலைக்கப்படும்வரை அவர்களில் பலருக்கு அதுதான் தொழில். அவர்களுடைய அடுப்படியிலிருந்து நாசி கோரெங், பஸ்டோல், பாபத், மலாய் அச்சாறு எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. உலர்ந்த இறாலை இடித்துப் புளிப்பும் உறைப்புமாகச் செய்கிற பிளாச்சான் பறங்கியரின் லம்பிறைஸ் பொதிக்குள்ளேயே புகுந்துகொண்டது. பாபத் என்பது மாட்டுக் குடல். அதற்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. இந்தத் தெருவின் இரவுக் கடைகளில் கொத்துக்கும் நாசிக்கும் கோழியும் மாடும்தான் ராஜா. கணவாயும் இறாலும் விலைப்பட்டியலின் கடைசி வரிகளில் நிற்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தெருவின் நிலை இது.

மலேசியாவில் நடப்பதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே, அரசாங்க எழுத்தர் வேலைகளுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போர்ட் டிக்சன் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி மலாக்காவில் உம்பாய் என்ற இடம். அங்கே ஐஸ் மேல் கிடக்கும் மீனை, நண்டை, கணவாயைக் குடும்பமே சுற்றி நின்று தேர்ந்தெடுத்து, நிறுத்து, சம்பல் பூசி வாழையிலையில் சுட்டுத் தரச் சொல்லித் தின்கிறது. இக்கான் பாக்கார் என்பார்கள். அதில் பணக்காரத்தனம் எதுவுமில்லை; சம்பளக்காரக் குடும்பத்தின் சனிக்கிழமை இரவு அது. அங்கே இரவுச் சாப்பாட்டை வெளியே முடிப்பது சாதாரண வீட்டு வழக்கம். நமக்கோ வெளியே சாப்பிடுவது நேற்றுவரை கலியாண வீடு, அல்லது அலுவலக மதியப் பார்சல். கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்க் கடையில் உட்காருவது என்றால் நம் அம்மாமார் "வீட்டில சமைக்க ஏலாதா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கரையைத் தொடவிடாமல் இடையில் நிற்பது ரயில் பாதை. கொம்பனித்தெரு நிலையத்தில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று வண்டி கடலை ஒட்டியே ஓடும். 1894இல் காலிக்கும் அடுத்த ஆண்டு மாத்தறைக்கும் போய்ச் சேர்ந்த பாதை. யன்னலோரம் இடம் கிடைத்தால் கல்கிசைவரை போகிற கட்டணத்துக்கு இதைவிட மலிவான கடற்கரைச் சுற்றுலா உலகில் எங்கும் கிடைக்காது. ஆனால் அதே தண்டவாளம்தான் வெள்ளவத்தைக்காரரின் கடலை அவர்களிடமிருந்து பிரித்துவிட்டது. மரைன் டிரைவ் பக்கம் வீடுகள், தொடர்மாடிகள், சாப்பாட்டுக் கடைகள். நடுவில் தண்டவாளம். அந்தப் பக்கம் அடுக்கிய பாறை, அப்புறம் அலை. மாலையில் பாறைமேல் உட்கார்ந்து காற்று வாங்கலாம், குளிக்க முடியாது. தண்டவாளத்தைத் தாண்டும்போது, அதன் ஓரமாக நடக்கும்போது உயிர்விட்டவர்கள் உண்டு. ஆகவே வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பத்துக்கு "பீச்" என்றால் தெஹிவளைக்கு அப்பால், அதாவது கல்கிசை. ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் வீடு கட்டிய பாறைமுனை, 1877இலிருந்து ஹோட்டல். ஹோட்டலுக்குக் கீழே கிடக்கும் மணலில் குடும்பங்கள் பாய் விரிக்கின்றன. அந்த மணலும் வரவரத் தேய்கிறது. 2020இல் கடலிலிருந்து மணல் அள்ளிக் கொட்டினார்கள். அதில் பெரும்பகுதியைக் கடல் சீக்கிரமே திருப்பி எடுத்துக்கொண்டது என்று பெரிய சர்ச்சையும் நடந்தது.

இனிக் காற்று. கொழும்பிலிருந்து எந்தக் கடலுக்குப் போவது என்பதைக் குடும்பம் தீர்மானிப்பதில்லை, பருவக்காற்று தீர்மானிக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை தென்மேல் காற்று. மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கிழக்கு ஏரிபோல் கிடக்கும். ஒக்டோபருக்குப் பின் வாடை வீசத் தொடங்கினால் கதை தலைகீழ். பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை, பாசிக்குடா. டிசம்பருக்குப் பெந்தோட்டை, காலி, உனவட்டுன. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை இரண்டுக்கும் நடுவில். இதனுடன் மாதம் ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. வெள்ளியிலோ திங்களிலோ போயா விழுந்தால் அது நீண்ட விடுமுறை. வான் வாடகைக்குக் கிடைக்காது. 1966 முதல் 1971வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவே வார விடுமுறையாக இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சந்திரனைப் பார்த்து விடுமுறை மாறிய அந்த ஆண்டுகளில் பயணம் திட்டமிட்டவர்கள் பட்ட பாட்டை மூத்தவர்களிடம் கேட்க வேண்டும்.

மீன்பிடிப்பவர்களும் இதே காற்றுக்குத்தான் ஆடுகிறார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளர் தென்மேல் காற்றுக் காலத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளில் வாடி அடித்துத் தங்குவது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். அது எப்போதும் சமாதானமாக நடந்ததென்று சொல்ல முடியாது. கொக்கிளாய், நாயாறு என்ற பெயர்கள் 1984இல் அங்கே கடற்றொழிலாளர் கொல்லப்பட்டதற்காக நினைவில் நிற்கின்றன. ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது: கடல் அமைதியாகும் இடத்துக்குப் படகும் போகிறது, குடும்பமும் போகிறது. அப்படியானால் ஓகஸ்டில் நிலாவெளியில் நிற்கும் கொழும்புக் குடும்பத்துக்கு நல்ல மீன் மலிவாகக் கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா?

கிடைக்கிறது, விடியற்காலையில் எழும்பினால். திருகோணமலைப் பக்கம் கரைவலை இழுக்கும் இடங்களில் பாட்டும் கூச்சலுமாக வலை கரை ஏறும்போது பக்கத்தில் நின்றால் சூடையும் பாரையும் கும்பளாவும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே வாங்கலாம். பிள்ளைகளும் கயிற்றில் ஒரு கை வைக்கலாம். ஆனால் வாங்கி எங்கே சமைப்பது? ஹோட்டல் அறையில் அடுப்பு இல்லை. விருந்தினர் விடுதிகள் சிலவற்றில் கேட்டால் சமைத்துத் தருவார்கள். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். எட்டு மணிக்குள் வியாபாரி வந்து எடைபோட்டு ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடுவார். அன்றிரவே லொறி கொழும்புக்கு. பாசிக்குடாவில் நீந்திவிட்டுப் பசியோடு உட்காரும் குடும்பத்துக்குப் பக்கத்து வாழைச்சேனைத் துறைமுகத்து மீன் கிடைக்காமல் போகலாம்; அதே மீன் அவர்களுக்கு முன்னாலேயே பேலியகொடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பேலியகொடைதான் இந்தக் கேள்வியின் வயிறு. புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையிலிருந்து 2011இல் மொத்த மீன் வியாபாரம் அங்கே மாறியது. எல்லாக் கரையின் மீனும் அங்கே வந்து, திரும்ப எல்லா ஊருக்கும் பிரிந்து போகிறது. ஒரு படகு மீன் கரைக்கு வரும்போதே தரம் பிரிந்துவிடும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் நிற்கும் பலநாள் படகுகள் பிடிக்கிற கெலவல்லா என்ற பெரிய சூரை இனத்தில் முதல் தரம் விமானத்தில் ஏறும்: ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும். அடுத்தது ஹோட்டலுக்கு. பல நாள் ஐஸில் கிடந்த மிச்சம் நமக்கு. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சூரை, கெலவல்லா போன்ற சிவந்த சதை மீன்கள் ஐஸ் பற்றாமல் சூடேறிவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது போகாது. "கடற்கரைக் கடையில சாப்பிட்டு ஒத்துவரேல்ல" என்று வீட்டுக்கு வீடு சொல்லும் கதைகளில் ஒரு பங்கு இந்த ஐஸ் விவகாரம்தான். பயணத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற அம்மாவின் சந்தேகம் வெறும் பிடிவாதம் அல்ல.

நண்டின் கதை இதைவிடக் கசப்பு. நீர்கொழும்பு, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணக் களப்புகளின் சேற்று நண்டு பல தசாப்தங்களாகக் கயிற்றால் கால் கட்டி உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிறது. சிங்கப்பூரின் தேசிய உணவுபோலக் கொண்டாடப்படும் மிளகாய் நண்டில் "ஸ்ரீலங்கன் கிராப்" என்பது உயர்ந்த தரத்தின் பெயர். பெரிய நண்டை இலங்கையிலேயே தின்னலாம் என்று காட்டியது 2011 டிசம்பரில் கோட்டை பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகம். நல்ல காரியம்தான். ஆனால் கொம்பனித்தெருவிலிருந்து அங்கே நடந்து போகக்கூடிய குடும்பங்களில் எத்தனை உள்ளே போகும்? வடக்கில் கடலட்டைப் பண்ணைகள் பெருகிவிட்டன. அதை இங்கே யாரும் வாயில் வைப்பதில்லை. பெரும்பாலும் சீனச் சந்தைக்கு. அதுபற்றி எனக்குக் குறையில்லை. நண்டைப் பற்றித்தான் குறை.

விரதத்தை மறந்துவிட்டுத் தமிழரின் கடற்கரைப் பயணத்தைப் பேச முடியாது. நம்மில் பலர் கடலுக்குப் போனதே கோவிலுக்குப் போனதால். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை அல்லது முகத்துவாரம். திருகோணமலை என்றால் முதலில் கோணேசர், பிறகுதான் கடல். கொழும்பில் ஆடிவேல் செட்டியார் தெருவிலிருந்து காலிமுகத்திடலைக் கடந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் நாட்களில் திடலே திருவிழாவாகும். வீட்டில் மீன் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர் ஓகஸ்டில் வந்து இறங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. "யாழ்ப்பாணத்து நண்டுக் கறி" என்று ஓராண்டாகக் கனவு கண்டிருப்பார்கள். அதே வேளை நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாக் கொடியும் ஏறியிருக்கும். இருபத்தைந்து நாள் வீட்டில் சைவம். நல்லூர்க் காலத்தில் யாழ்ப்பாணத்து மீன் சந்தையில் ஆள் குறையும். கசூரினாக் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் விளையாடிவிட்டு மரக்கறிச் சோற்றைப் பிரிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். நண்டும் ஒடியல் கூழும் தீர்த்தத்துக்குப் பிறகு. அதற்குள் பலருக்கு விமானம்.

கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம் வேறு. கொட்டாஞ்சேனையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலுக்குப் புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போகிறவர்கள், கடலோரத்தில் குடிசை பிடித்து, பானை சட்டியோடு நாட்கணக்கில் தங்குகிறார்கள். அங்கேயே மீன் வாங்கி அங்கேயே சமைக்கிறார்கள். திரும்பும்போது கற்பிட்டிக் கருவாடு. என் கண்ணுக்கு, இலங்கையில் உள்ளூர் மக்கள் தாமாக உருவாக்கிக்கொண்ட முழுமையான கடற்கரை விடுமுறை இதுதான்: தங்க இடம், அடுப்பு, பக்கத்தில் படகு, பூசை. எந்த உல்லாசப் பயண சபையும் திட்டம் போட்டுத் தந்ததல்ல. பேருவளையில் கடலுக்குள் நீண்ட பாறைமேல் நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசலுக்குப் போகும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பயணமும் வணக்கமும் கடற்காற்றும் ஒன்றுதான்.

பயம் என்று ஒன்றும் இடையில் வந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள்: போயா தினம், நத்தாருக்கு அடுத்த நாள். தெற்கே கடலோர ரயில் விடுமுறைக் கூட்டத்தால் நிரம்பியிருந்தது. பெரலியவில் அந்த வண்டியிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு குடும்பங்கள் கடற்கரைக்குப் போகாமல் இருந்தது மட்டுமல்ல, மீனையும் நிறுத்தின. கடல் கொண்டுபோன உடல்களை நினைத்து யாருக்கும் மீன் இறங்கவில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொடையில் கொரோனாக் கொத்தணி. மீன் விற்காமல் அழுகியது. முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். ஊர் சிரித்தது, மீன் வாங்கவில்லை. அடுத்த மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணி அதில் இருந்தது. நீர்கொழும்பு மணலில் வெள்ளை உருண்டைகளைச் சல்லடை போட்டு அள்ளிய படங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். மீன்பிடி தடைப்பட்டது; தடை இல்லாத இடத்து மீனையும் யாரும் தொடவில்லை. 2025இல் உயர் நீதிமன்றம் கப்பல் நிறுவனத்துக்கு நூறு கோடி டொலர் இழப்பீடு விதித்தது. மூன்று முறையும் ஒரே விஷயம்: கடலில் எது நடந்தாலும் கொழும்பு வீட்டுச் சட்டியில்தான் முதலில் தெரியும். டின் மீனுக்கு இந்தப் பயம் எதுவுமில்லை. அலமாரியில் இருக்கும்; எங்கே பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு 2022. காலிமுகத்திடல் அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து அரசுக்கு எதிரான மக்கள் போராட்டத்துக்காக உலகத் தொலைக்காட்சிகளில் வந்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இது விளக்கெரிக்கிறவரின் சிக்கல் மட்டுமல்ல. கரையோரத்துச் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. காலையில் போய் முற்பகலில் திரும்பும் அந்தப் படகுகள்தான் குடும்பத்துக்கு எட்டும் விலையில் சூடையும் சாளையும் கும்பளாவும் பாரையும் கொண்டுவருபவை. அவை கரையில் கிடந்தால் சந்தையில் மிஞ்சுவது பலநாள் படகின் ஐஸ் மீன். வடக்கில் இந்திய இழுவைப் படகுகளோடு மல்லுக்கட்டும் கதை தனி. மீன் விலை ஏறியபோது கொழும்புக் குடும்பங்கள் மீனைத் துண்டாக, பிறகு நூறு, இருநூறு கிராமாக வாங்கத் தொடங்கின. இந்த நிலையில் கடற்கரைக் கடையில் ஒரு முழுப் பாரையை நிறுத்துச் சுடச் சொல்வது யார்?

சொல்பவர் வெளிநாட்டவர். அவரை எதிர்பார்த்துத்தான் கரை கட்டப்பட்டது. 1966இல் உல்லாசப் பயண சபை பிறந்தது. அந்தத் தசாப்தத்தின் கடைசியிலேயே பெந்தோட்டையில் ஹோட்டல்களும் கடைகளும் ரயில் நிலையமும் சேர்ந்த விடுமுறை நகரம் எழுந்தது, ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை பீச் ஹோட்டல் உட்பட. அழகில் குறை சொல்ல முடியாது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள் எழுந்ததும் அதே சிந்தனைதான். அலையே இல்லாத, வெகுதூரம் நடந்தே போகக்கூடிய, சின்னப் பிள்ளைகளுக்கென்றே கடவுள் செய்துவைத்தது போன்ற குடா அது. ஹோட்டல் வேலிகளுக்கிடையில் பொதுமக்களுக்கு விட்ட கரைப்பகுதியில் ஓகஸ்ட் போயா அன்று வான்களும் பஸ்களும் நிற்கிற நெரிசலைப் பார்த்தால், அந்தக் கடல் யாருக்கு உண்மையில் தேவை என்று தெரியும். உடை மாற்ற அறை, கழிப்பறை, நன்னீர்க் குழாய், உயிர்காப்பாளர் இவை நான்கும் அங்கே எத்தனை கட்டில்கள் இருக்கின்றன என்பதைவிட முக்கியம். ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் பல நூறு பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். விடுமுறை நாளில் அறியாத கடலில் இறங்கியவர்களும் அதில் சேர்த்தி. தெற்கே கொக்கலவில் கம்பில் ஏறி உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள் இப்போது படம் எடுக்கக் காசு வாங்குகிறார்கள். மீனைவிடப் படத்தில் வருமானம் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

உள்ளூர்க் குடும்பம் எங்கே பணம் செலவழிக்கிறது என்று பார்த்தால் அது திரும்பி வரும் வழியில். வானின் பின்பக்கம் ரெஜிபோம் பெட்டி ஒன்று காலியாகப் புறப்பட்டு நிறைந்து திரும்பும். யாழ்ப்பாணத்திலிருந்து என்றால் விளைமீன், ஓரா, இறால். மட்டக்களப்பிலிருந்து களப்பு இறால், நண்டு. சிலாபம், நீர்கொழும்பு வழி என்றால் கட்டாக் கருவாடு, சூரைக் கருவாடு, திருக்கைக் கருவாடு. மணலில் விரித்த பாயில் காயும் கருவாட்டை மோந்து பார்த்து, உப்பு கூடவா குறைவா என்று வாதாடி வாங்குவதில் மாமிமாருக்கு இருக்கும் சந்தோஷம் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் வராது. வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, அக்கம்பக்கத்துக்குப் பங்கு கொடுத்து, மறுநாள் சட்டி ஏறும்போதுதான் பயணத்தின் சாப்பாடு தொடங்குகிறது. கடலுணவுக்காகச் செலவழிக்கத் தயங்காத இந்தக் கூட்டத்தைச் சந்தையாக நினைத்து ஒரு துறைமுகத்திலாவது நியாய விலை ஐஸும், சுத்தம் செய்து தரும் ஆளும், எடைக்குப் பொறுப்பான தராசும் வைத்தால் போதும். வாங்கிய மீனை அங்கேயே சமைத்துத் தர நாலு அடுப்பும் இருந்தால் உம்பாய் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. வசதியுள்ளவர் இப்போது லங்காவிக்குப் போய் இதைத்தான் காசு கொடுத்து அனுபவித்துவிட்டு வருகிறார்.

கொம்பனித்தெருவே இப்போது மாறிவிட்டது. பழைய வரிசை வீடுகள் போய், அந்த இடத்தில் கண்ணாடி மாடிகள். கடலை மறைத்துக்கொண்டு ஹோட்டல்கள். அதற்கும் அப்பால் 269 ஹெக்டயர் கடலை நிரப்பிய துறைமுக நகரம். அங்கே செயற்கைக் கடற்கரையும் உண்டு. இங்கிருந்து பெயர்த்து நகரின் வடபுறத் தொடர்மாடிகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்களுக்குக் காலிமுகத்திடல் இனி நடை தூரமல்ல. அங்கே கிட்டியது மட்டக்குளிப் பக்கத்துக் காக்கைத்தீவுக் கடற்கரை. களனி கங்கை கடலில் விழும் வாய் அருகே, குப்பையும் சேரும் இடம்தான். ஆனாலும் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு கூட்டம் இருக்கிறது, வண்டிகளும் வந்துவிட்டன. வடையின் மேல் இறால் ஒன்றா இரண்டா என்று வண்டிக்காரரோடு சண்டை பிடிப்பதும் அங்கே தொடர்கிறது.